பச்சிளங் குழந்தைக்கு ஒவ்வாமைச் சோதனை தேவையா?

(சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் முழங்க வேண்டிய இம்மேடையில், குழந்தையின் கன்னத்துச் சொறியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கின்றானே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். வள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்தை மருந்துக்கென ஒதுக்கினார். ஒதுக்கியவர் அதில் பெரும்பகுதியை மருந்தைப் பற்றிப் பேசாமல், உண்ணும் உணவைப் பற்றியே பேசினார். எனவே இப்பொருள் இம்மேடைக்கு அயலானதன்று என்று துணிந்து தொடங்குகின்றேன். நான் மருத்துவன் அல்லன். இரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதுபவன். ஆயினும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் இல்லங்களில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுவதைக் கேட்டு வருகின்றேன். "குழந்தைக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்துவிடலாமா?" என்பதே அக்கேள்வி. இரண்டு குடும்பங்களுக்குத் துணையாக மருத்துவர்களிடம் சென்று அமர்ந்து கேட்டவற்றையும், அதன்பின் ஆவல் மிகுந்து படித்தறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது காண்போம். 'அலர்ஜி' என்னும் சொல் பழங்காலத்துச் சொல்லன்று. 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே என்பவர் கிரேக்க மொழியின் இரு சொற்களைச் சேர்த்து அதனை ஆக்கினார். தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்குக் குதிரையின் குருதியிலிருந்து எடுத்த நீரை ஊசி வழியே குழந்தைகளுக்குச் செலுத்திய காலம் அது. முதன்முறை ஒன்றும் செய்யாத அதே மருந்து, இரண்டாம் முறை சில குழந்தைகளுக்கு உடனே தடிப்பையும் காய்ச்சலையும் தந்ததை அவர் கண்டார். உடல் ஒரு பொருளை ஒருமுறை கண்டபின், மறுமுறை அதனை வேறுவகையாக எதிர்கொள்கின்றது என்று உணர்ந்து அந்நிலைக்குப் பெயரிட்டார். ஆகவே இச்சொல் பிறந்ததே குழந்தைகளின் படுக்கையருகில் எனலாம்.

அடுத்து 1921இல் பிராஸ்னிட்ஸ், குஸ்ட்னர் என்னும் இரு செருமானிய மருத்துவர்கள் ஒரு விந்தையைச் செய்தனர். குஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய குருதிநீரைச் சிறிதளவு எடுத்துப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது, மீன் ஒவ்வாமை இல்லாத பிராஸ்னிட்ஸின் தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஏதோ ஒரு பொருள் குருதியில் உண்டு என்பது அதனால் விளங்கிற்று. அப்பொருள் இன்னது என்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா என்னும் சப்பானியத் தம்பதியரும், சுவீடனில் யோகான்சன், பென்னிக் என்பாரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். இன்று 'ஐ.ஜி.ஈ.' என்று மருத்துவர் சுருக்கமாக அழைப்பது அதனைத்தான்.

இவ்வளவு வரலாற்றையும் நான் விரித்ததற்குக் காரணம் உண்டு. இன்று நம் குழந்தைகளுக்குச் செய்யப்படும் ஒவ்வாமைச் சோதனைகள் இரண்டும் இந்த ஐ.ஜி.ஈ.யைத் தேடுபவையே. ஒன்று, தோல் குத்துச் சோதனை. பால், முட்டை போன்றவற்றின் சாற்றை ஒரு துளி குழந்தையின் முதுகிலோ முன்கையிலோ வைத்து, அத்துளியின் ஊடே தோலின் மேற்புறத்தை நுண்ணிய முனையால் மெல்லக் குத்துவர். இருபது நிமிடங்களுக்குள் அவ்விடம் கொசு கடித்தாற்போல் 3 மில்லிமீட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ தடித்தால் விடை 'உண்டு' என்பது. ஆழமாகக் குத்துவதன்று; குருதி வருவதும் அரிது. பச்சிளங் குழந்தைக்கும் செய்யலாம். அதற்குச் சில நாள் முன்பே அரிப்புக்குக் கொடுக்கும் மருந்தை மருத்துவர் சொற்படி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் தோல் உண்மையை மறைத்துவிடும். மற்றொன்று, சிறிது குருதி எடுத்து ஒவ்வோர் உணவுக்கும் உரிய ஐ.ஜி.ஈ. எவ்வளவு என்று அளப்பது.

இவ்விரு சோதனைகளும் நல்லவையே. ஆனால் அவை விடையளிக்கும் கேள்வி எது என்பதை அறியாமல் அவற்றிடம் போனால் இடர் நேர்கின்றது. 'இக்குழந்தையின் உடல் இப்பொருளை அடையாளம் கண்டு வைத்திருக்கின்றதா?' என்பதற்குத்தான் அவை விடை கூறும். 'இப்பொருளை உண்டால் குழந்தைக்குத் தீங்கு வருமா?' என்பதற்கு அவை தாமாக விடை கூறமாட்டா. காவல் நிலையத்து ஏட்டில் ஒருவன் பெயர் எழுதப்பட்டிருப்பது வேறு. அவன் குற்றம் புரிந்திருப்பது வேறு அன்றோ?

இதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சான்று உள்ளது. கருநாடகத்தில் வயது வந்தோரிடையே நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 100க்கு 26 பேருக்கு மேல் குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்கான ஐ.ஜி.ஈ. இருந்தது. ஆனால் அவ்வுணவை உண்டு உண்மையிலேயே துன்புற்றவர்கள் எனக் கொள்ளத்தக்கோர் 100க்கு 1.2 பேரே! அதே ஆய்வுத் திட்டத்தின்கீழ், பள்ளிப் பிள்ளைகளைச் சீனா, உருசியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டனர். ஆங்காங்கில் 100க்கு 1.5 பிள்ளைகளுக்கு உணவு ஒவ்வாமை இருக்க, நம் நாட்டுப் பிள்ளைகளிடம் அது 0.14 அளவே, அதாவது ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவர். கைக்குழந்தைகளுக்குப் பால், முட்டை ஒவ்வாமை இவர்களைக் காட்டிலும் சற்று மிகுதியாக இருக்கலாம். வளர வளர அது பலருக்கு நீங்கிவிடும். எனினும், குருதியில் 'உண்டு' என வருவோர் பலர், உண்மையில் நோயுற்றோர் மிகச் சிலர் என்னும் இந்நாட்டு நிலையை மறந்துவிட்டு ஆய்வகத்துத் தாளைக் கையில் எடுத்தல் கூடாது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். குழந்தையின் கன்னம் சிவந்து, சொரசொரத்து, நீர் கசிந்தால் நம் பாட்டிமார் 'கரப்பான்' என்பர். உடனே தாய்க்குப் பத்தியம் தொடங்கும். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, மீன் கூடாது, சோளம் கூடாது, பூசணி கூடாது. இவையெல்லாம் 'கரப்பான் பண்டம்' என்னும் பட்டியலில் அடங்கும். நான் இப்பட்டியலை எள்ளி நகையாடவில்லை. கத்தரிக்காய் உண்டால் சிலருக்கு அரிப்பு எடுப்பது உண்மை. மைசூரில் அதனை ஆராய்ச்சியே செய்திருக்கின்றார்கள். சிலருக்கு நேர்வதை எல்லாருக்கும் விதியாக்கி, அதுவும் பாலூட்டும் தாய்க்கு விதியாக்கி, அவள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவதுதான் கேடு. பாட்டியின் பட்டியலுக்குப் பயந்து ஆய்வகத்துக்கு ஓடினால், அங்கே அச்சடித்த இன்னொரு பட்டியல் காத்திருக்கின்றது! நாற்பது, ஐம்பது உணவுகளை ஒரே குருதியில் சோதித்துத் தருவதாக விளம்பரம் செய்கின்றனர். சில ஆயிரம் ரூபாய் போகின்றது. போனால் போகட்டும் என்றால், பணத்தோடு போகாத வினையொன்று பின்னால் வருகின்றது.

தாராவியில் எங்களுக்கு அறிமுகமான ஒரு குடும்பம். பெயர் வேண்டா. ஏழு மாதக் கைக்குழந்தை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். மாமியார் முதலில் மீனையும் கத்தரிக்காயையும் நிறுத்தினார். குறையவில்லை. யாரோ சொன்னார் என்று ஓர் ஆய்வகத்தில் பெரிய பட்டியல் சோதனை எடுத்தனர். பதினான்கு உணவுகளுக்கு எதிரே குறி விழுந்திருந்தது. பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு, கடலை, எள் என்று போயிற்று அது. அவ்வீட்டு மருமகள் அத்தாளை என்னிடம் நீட்டி, "மாமா, இதில் உள்ளவற்றையெல்லாம் விட்டுவிட்டால் நான் எதைத்தான் உண்பது?" என்று கேட்டாள். மூன்று வாரங்களாகச் சோறும் மிளகு ரசமும் மட்டுமே உண்டு கண் குழிந்து போயிருந்தாள். குழந்தைக்கும் கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடுக்க அஞ்சினார்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தை பல்வகை உணவையும் பழக வேண்டிய பருவமன்றோ அது! எடை ஏறவில்லை.

பிறகு பொது மருத்துவமனை ஒன்றில் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அந்த அம்மையார் தாளைக் கையில் வாங்கவேயில்லை. மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். குழந்தை எதையேனும் உண்ட சில நிமிடங்களில் உடலெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்ததுண்டா? உதடு வீங்கியதுண்டா? திரும்பத் திரும்ப வாந்தி? மூச்சு இரைப்பு? இல்லை, இல்லை, இல்லை. தாய் பால் அருந்திய நாளுக்கும் அருந்தாத நாளுக்கும் கரப்பானில் வேறுபாடு கண்டீர்களா? இல்லை. மூன்று வாரம் அனைத்தையும் விட்டபின் குறைந்ததா? அதுவும் இல்லை. "அப்படியானால் இத்தாள் எந்தக் கேள்விக்கு விடை?" என்றார் அவர். கரப்பான் உள்ள குழந்தைக்கு இயல்பாகவே ஐ.ஜி.ஈ. மிகுந்திருக்கும், பட்டியல் போட்டுச் சோதித்தால் பல பொருள்களுக்குக் குறி விழுவது இயற்கை என்று விளக்கினார். தோலைக் கவனிக்கும் முறையைக் கற்பித்தார். குளித்தவுடன் ஈரம் காயுமுன் பூச வேண்டிய பசை, சிவந்த இடத்தில் மட்டும் சில நாள் தடவ வேண்டிய மருந்து, அவ்வளவே. தாய் மறுநாளே பருப்புக் குழம்பு வைத்து உண்டாள். குழந்தைக்குப் பருப்புச் சோறும், பின்னர் முட்டையும், ஒவ்வொன்றாகக் கொடுத்தனர். ஒன்றும் நேரவில்லை. கரப்பான் முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கின்றது, மருந்து தடவ அடங்குகின்றது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்குப் பெட்டி உடைந்து வந்தது என ஒருவர் முறையிட்டால், அது எந்த நிலையத்தில் ஏறியது, முத்திரை எங்கே கெட்டது என்று முதலில் ஏட்டைப் புரட்டுவோம். வழியில் உள்ள நிலைய அதிபர்கள் அனைவர்மீதும் குற்றம் சாட்டிக் கடிதம் விடுவதில்லை. அந்த அம்மையார் செய்ததும் இதுவே.

'சந்தேகத்துக்கு இடமின்றி எல்லாவற்றையும் விலக்கி வைத்தால் என்ன கேடு? பிறகு பார்த்துக்கொள்ளலாமே' என்பாரும் உளர். உலகமே அவ்வாறு எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமைக்கு இடமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை கொடுக்க வேண்டாம் என்று அறிவுரை கூறிற்று. நிலக்கடலை ஒவ்வாமையோ அந்நாடுகளில் குறைவதற்கு மாறாகப் பெருகிற்று! 2008இல் அக்கழகம் அவ்வறிவுரையை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த கிதியன் லாக் என்னும் மருத்துவரின் குழுவினர் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளில் 100க்கு 1.85 பேருக்கு நிலக்கடலை ஆகவில்லை. இசுரேலில் வாழும் யூதக் குழந்தைகளில் 100க்கு 0.17 பேருக்கே ஆகவில்லை. இனம் ஒன்று, வேறுபாடோ பத்து மடங்கு. இசுரேலியத் தாய்மார் பல் முளைக்கும் பருவத்திலேயே நிலக்கடலை சேர்ந்த பண்டத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகின்றனர்; இங்கிலாந்துத் தாய்மாரோ அஞ்சி ஒளித்து வைத்தனர்.

அதோடு அவர் விடவில்லை. 4 முதல் 11 மாதம் வரையுள்ள 640 குழந்தைகளைத் தேர்ந்தார். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகள் அவர்கள். பாதிப் பேர் நிலக்கடலையை உண்ண வேண்டும். மறு பாதி ஐந்து வயது வரை தொடக்கூடாது. 2015இல் முடிவு வந்தது. விலக்கியவர்களில் 100க்கு 17.2 பேர் ஒவ்வாமைக்கு ஆளாயினர். உண்டவர்களில் 3.2 பேர் மட்டுமே. காவல் என்று கருதி எழுப்பிய சுவரே பகைக்கு வாயில் ஆயிற்று! புண்பட்ட தோலின் வழியே உடலுக்குள் புகும் உணவுப் பொருளை உடல் பகைவனாகக் கருதுகின்றது. வாய் வழியே உரிய காலத்தில் வருவதை உறவாக ஏற்கின்றது என்பது லாக் அவர்களின் கருத்து. நம் வீடுகளில் குழந்தையைக் கடலை மாவும் பயற்ற மாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவது பழைய வழக்கம். நல்ல தோலுக்கு அதனால் தீங்கில்லாமல் இருக்கலாம். கரப்பானால் வெடித்த தோலில் உணவு மாவைத் தேய்க்க வேண்டாம் என்று மருத்துவர்கள் கூறுவதன் உட்பொருள் இதுவே.

நிலக்கடலை கொடுக்கலாம் என்றவுடன் முழுப் பருப்பை வாயில் போட்டுவிடாதீர்கள். மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். வறுத்து நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பதே முறை. இங்கேதான் சோதனைக்கு உண்மையான இடம் ஒன்றும் வருகின்றது. மருந்துக்கு அடங்காத கடுமையான கரப்பானோ, முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு நிலக்கடலையைத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்து, வேண்டுமாயின் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் சோதித்துக்கொள்வது நன்று என 2017இல் அமெரிக்க வல்லுநர் குழு வழி வகுத்தது. சிறு கரப்பானுக்கோ, அண்ணனுக்கு அலர்ஜி என்பதற்காகத் தம்பிக்கோ இது வேண்டுவதில்லை.

இதுகாறும் கூறியதைக் கேட்டு, 'சோதனையே வீண்' என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. மறுபக்கத்தையும் சொல்கின்றேன். செம்பூரில் என் நண்பர் ஒருவரின் மகளுக்கு எட்டு மாதம். வேகவைத்த முட்டையின் வெள்ளையைச் சிறிதளவு ஊட்டினார்கள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கிற்று. கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புகள் கிளம்பின. இரண்டு முறை வாந்தி. 'முட்டை சூடு, அதனால் வந்தது' என்று வீட்டிலிருந்த முதியவர் ஒருவர் சீரகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நல்ல வேளையாக அன்று அது தானே அடங்கிற்று. இக்குழந்தைக்குச் சோதனை தேவையா என்றால், ஐயமின்றித் தேவை! உணவு தெரியும், நேரம் தெரியும், குறி தெரியும். தோல் குத்துச் சோதனையில் முட்டைக்குப் பெரிய தடிப்பு எழுந்தது. அச்சத்தால் வீட்டார் நிறுத்தி வைத்திருந்த பசும்பாலைப் பற்றியும் மருத்துவர் விசாரித்தார். அதை உண்டு ஒன்றும் நேர்ந்ததில்லை என்பது தெளிவாயிற்று. தயிர் மீண்டும் தட்டுக்கு வந்தது. முட்டை ஒன்று மட்டுமே விலக்கு. ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனை செய்தனர். தடிப்பு சிறிது சிறிதாகச் சுருங்கிற்று. மூன்றாம் வயதில் மருத்துவமனையிலேயே உட்கார வைத்து, மருத்துவர் கண்காணிப்பில், முட்டை சேர்த்துச் சுட்ட கேக்கை இம்மியளவில் தொடங்கி ஊட்டினர். இதுதான் இறுதிச் சோதனை; தாளும் துளியும் சொல்லாததை இது சொல்லும். இதனை வீட்டில் செய்துபார்க்கும் துணிவு யாருக்கும் வரவேண்டாம்.

வேறொரு வகையும் உண்டு. அதில்தான் பலர் குழம்புகின்றனர். குழந்தையின் மலத்தில் குருதிக் கீற்று தெரிகின்றது. அல்லது ஓர் உணவு உண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டு விழுகின்றது. இவையும் உணவின் ஒவ்வாமையால் நேரக்கூடும். ஆனால் இவற்றில் ஐ.ஜி.ஈ.க்குப் பங்கில்லை. ஆதலால் தோல் சோதனையும் குருதிச் சோதனையும் 'இல்லை' என்றே சொல்லும். அதை நம்பி வாளாவிருந்தால் குழந்தை மெலியும். மருத்துவரிடம் போவது கட்டாயம். சோதனைத் தாளால்தான் பயனில்லை. ஐயத்துக்குரிய பொருளைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்து, குணம் தெரிந்தால் மருத்துவர் சொற்படி மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே இங்கு வழி. மீண்டும் கொடுத்துப் பார்க்கும் இரண்டாம் படியை நம்மவர் விட்டுவிடுகின்றனர். நிறுத்திய வாரத்தில் தானாகவே குணமாகியிருக்கலாம் அன்றோ? அப்படியிருக்க, பால் ஆகாத பிள்ளை என்று ஒரு முத்திரையைக் குத்திப் பல ஆண்டுகள் பாலின்றி வளர்ப்பது எவ்வளவு கொடிது!

பால் என்றதும் மற்றொன்று. பசும்பால் ஒவ்வாமை என்று முடிவு கட்டினால் அடுத்து வருவது விலையுயர்ந்த டப்பாப் பால். இங்கிலாந்தில் 2006க்கும் 2016க்கும் இடையே இத்தகைய சிறப்புப் பால் மாவுக்கு மருத்துவர் எழுதிய சீட்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,05,000 என்பதிலிருந்து 6,00,000க்கு மேல் உயர்ந்தன. அந்தப் பத்தாண்டுகளில் நோய் அவ்வளவு பெருகிவிட்டதா, அல்லது பெயர் பெருகிற்றா என்று அந்நாட்டு மருத்துவ இதழே 2018இல் கேள்வி எழுப்பிற்று. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் மாவு விளம்பரத்தைத் தடை செய்கின்றது. தடையுள்ள பொருளுக்கு 'அலர்ஜி' என்னும் சொல்லே விளம்பரமாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. தாய்ப்பாலின் அருமையை இந்நகரத்துக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் தோன்றியது நமக்கு நடந்து போகும் தொலைவில் உள்ள சயான் மருத்துவமனையில்தான். அதனைத் தோற்றுவித்தவர் மருத்துவர் அர்மிதா பெர்னாண்டஸ் அம்மையார்.

சளியும் இருமலும் வந்தால் உணவுச் சோதனைக்கு ஓடுவோரும் உண்டு. கைக்குழந்தையின் மூச்சிரைப்புக்குப் பெரும்பாலும் காரணம் நச்சுயிரித் தொற்று. செம்பூர், மாகுல் பக்கத்து எண்ணெய் ஆலைப் புகை, தேவனார்க் குப்பை மேட்டின் புகை, ஆடி ஆவணியில் சுவரெல்லாம் பூக்கும் பூஞ்சை, ஒரே அறையில் சமையலும் ஊதுவத்தியும் கொசுவத்தியும் என்று காரணம் பல இருக்க, பாவம், வாழைப்பழத்தின்மேல் பழி விழுகின்றது!

ஐ.ஜி.ஜி. என்று ஒரு சோதனையையும் விற்கின்றனர். ஓர் எழுத்துதான் வேறுபாடு. பொருளோ முற்றிலும் வேறு. நாம் ஓர் உணவை உண்டு பழகியிருக்கின்றோம் என்பதையே அது காட்டும். அதனைக் கொண்டு ஒவ்வாமையை முடிவு செய்யலாகாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை வல்லுநர் கழகம் 2008லேயே அறிவித்துவிட்டது. தலைமயிரை அனுப்பினால் ஒவ்வாமை சொல்வோம் என்பாரைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

ஆகவே தாய்மார்களே, சோதனைக்குச் சீட்டு எழுதுபவரிடம் பணிவோடு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "டாக்டர், இதில் உண்டு என்று வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்? இல்லை என்று வந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?" இரண்டுக்கும் விடை ஒன்றேயானால் அச்சோதனை எதற்கு? விடை வேறுபட்டால், எந்த உணவுக்கு, எந்நிகழ்ச்சியை வைத்து என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குச் சினங்கொள்ளார். அவரிடம் போகும்போது ஒரு குறிப்பேட்டைக் கையில் கொண்டு போங்கள். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் போதும். நாள், ஊட்டிய உணவு, ஊட்டிய நேரம், குறி தோன்றிய நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, வேறு மருந்து ஏதும் கொடுத்ததா என்று கோடு போட்டு எழுதுங்கள். தடிப்பு தோன்றினால் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடும். எழுத்தர் வேலை செய்பவன் எல்லாவற்றுக்கும் ஏடு கேட்பான் என்று நீங்கள் நகைக்கலாம். அந்தப் பொது மருத்துவமனை அம்மையார் கேட்டதும் இந்த ஏட்டில் இருக்க வேண்டியவற்றைத்தான்.

ஒவ்வாமை உறுதியான குழந்தையுள்ள வீட்டார் கடைப் பண்டத்தின் உறையைப் படிக்கப் பழக வேண்டும். பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை முதலியவை சேர்ந்திருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. தெருமுனைக் கடைக்கு உறையில்லை. அங்கே வாய்விட்டுக் கேட்பதே வழி.

கடைசியாக ஒன்று. உணவு உண்டபின் குழந்தைக்கு மூச்சு இரைத்தாலோ, குரல் கம்மினாலோ, உடல் வெளுத்துத் துவண்டாலோ, தடிப்போடு வாந்தியும் தொடர்ந்தாலோ, அது சோதனையைப் பற்றி எண்ணும் நேரமன்று. 108ஐ அழையுங்கள், ஊர்தி தாமதித்தால் கிடைத்த வண்டியில் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையை நிமிர்த்தித் தோளில் போட்டு ஓடாமல், மூச்சுக்கு இடையூறின்றி மடியில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே அந்நேரத்துக்கு மருந்து. வீட்டிலுள்ள அரிப்பு மருந்து அதற்கு ஈடாகாது. எந்த உணவால் வந்தது என்று அங்குள்ளவரிடம் மறவாமல் சொல்லுங்கள். உண்ட பண்டத்தின் உறை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

செம்பூர்க் குழந்தையைப் பற்றி அரைகுறையாக விட்டேன் என்று முன்வரிசையில் ஓர் அம்மையார் சைகை காட்டுகின்றார். அவளுக்கு இப்போது ஐந்து வயது. கேக் உண்கின்றாள், வேகவைத்த முட்டைக்கு மருத்துவர் இன்னும் இசைவு தரவில்லை, அடுத்த சோதனை தீபாவளி கழிந்து வருகின்றது.